எழுதியதைத் திருப்பித் தரும் படிவம்

நிரலும் நம் ஊரும் – 11

2020 மே மாதம், களியக்காவிளையில் ரோட்டைத் தாண்டுவதற்கு ஒரு பாஸ் வேண்டியிருந்தது. சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் நினைத்த நேரத்தில் போய்வந்த ஊர் எங்களுடையது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது விழுந்த கோடுதான் எங்கள் ஊருக்கும் கேரளத்துக்கும் நடுவிலான எல்லை. அதற்கு முன் இரண்டு பக்கமும் ஒரே ஆட்சியில் இருந்த மண். அக்காவை அந்தப் பக்கம் கட்டிக் கொடுத்த வீடுகள் இன்றும் இங்கே ஏராளம். ஊரடங்கு வந்த பிறகுதான் அந்தக் கோடு பலருக்கும் கண்ணில் பட்டது. திருவனந்தபுரம் பக்கம் போக, கேரள அரசின் ‘கோவிட் 19 ஜாக்ரதா’ இணையதளத்தில் பதிவு செய்து இஞ்சிவிளை சோதனைச்சாவடியில் காட்ட வேண்டும். திரும்பி வரத் தமிழ்நாட்டின் இ-பாஸ். எல்லைக்கு முன்னால் ஒரு படிவம், எல்லைக்குப் பின்னால் ஒரு படிவம்.

அந்த வருடம் ஆகஸ்ட் 17 முதல், ஆதார் அல்லது ரேஷன் அட்டை விவரமும் போன் எண்ணும் கொடுத்து விண்ணப்பித்தால் தாமதமின்றி இ-பாஸ் கிடைக்கும் என்று தமிழ்நாடு அரசு தளர்த்தியது. ஒரு படிவம் என்ன கேட்கிறது, எதற்கு மறுக்கிறது என்பது மனிதர்களின் பயணத்தையே தீர்மானிக்கும் என்று அந்த வருடம் நேரில் பார்த்தோம். கடந்த வாரம் வரை தகவலை அட்டவணையில் எப்படி வைப்பது என்று பேசினோம். அந்தத் தகவல் வந்து சேரும் வாசல்தான் படிவம். இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

ஊரடங்கெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் காத்திருந்தேன். எனக்கு முன்னால் எழுபது வயதிருக்கும் ஓர் அம்மா. பேத்திக்கு ஏதோ ஒரு விண்ணப்பம். மடித்து வைத்திருந்த தாளைப் பார்த்துப் பார்த்து அவர் சொல்ல, அங்கிருந்த தம்பி ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். பொத்தானை அழுத்தியதும் மேலே சிவப்பாக ஒரு வரி: ‘தகவல் தவறு.’ கீழே அத்தனை கட்டமும் காலி.

“மக்களே, கிட்டிச்சா?”

“இல்லம்மா. எல்லாம் அழிஞ்சு போச்சு. இன்னொருக்கா முதல்லேருந்து சொல்லுங்க.”

அந்த அம்மா ஒன்றும் பேசாமல் தாளை மறுபடி பிரித்தார். எது தவறு என்று அவருக்கும் தெரியவில்லை, தம்பிக்கும் தெரியவில்லை.

நிரல் எழுதும் நாம் இதை மன்னிக்கவே கூடாது. இதைத் தவிர்க்கும் வழி இருபது வருடத்துக்கும் மேலாக நம் கையில் இருக்கிறது. நாம் பழகிவரும் ஜாங்கோ (பைத்தான் மொழியில் இணையதளம் கட்ட உதவும் சட்டகம்), அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் லாரன்ஸ் என்ற ஊரின் செய்தித்தாள் அலுவலகத்தில் 2003-ல் ஏட்ரியன் ஹோலோவாட்டியும் சைமன் வில்லிசனும் தொடங்கியது. 2005 ஜூலையில் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் படிவ ஏற்பாடு நடக்கும் விதத்தைப் பாருங்கள்.

பெயர் ஒரு கட்டம், பிறந்த தேதி ஒரு கட்டம், பின்கோடு ஒரு கட்டம் என்று பைத்தானில் நீங்கள் ஒருமுறை அறிவித்தால் போதும். திரையில் கட்டங்களை வரைவது அதன் வேலை. ஒருவர் நிரப்பி அனுப்பியதும், வந்ததை அந்தப் படிவத்தோடு பிணைத்துக்கொண்டு ‘இஸ் வேலிட்’ என்று கேட்கிறோம். அது முதல் தவறிலேயே நின்றுவிடாது. எல்லாக் கட்டத்தையும் பார்த்து, எந்தக் கட்டத்தில் என்ன பிழை என்று தனித்தனியாகக் குறித்து வைக்கும். பிழை இருந்தால் அதே படிவத்தை மறுபடி திரைக்கு அனுப்ப வேண்டும். அவர் எழுதியது எழுதியபடி இருக்கும், பிழையான கட்டத்தின் பக்கத்தில் காரணம் இருக்கும். அந்த அம்மாவுக்கு வந்தது போன்ற காலிப் படிவம் எங்கிருந்து வருகிறது? பிணைத்த படிவத்தை அனுப்பாமல், புதிதாக ஒன்றை உருவாக்கி அனுப்பும் ஒரே ஒரு வரியிலிருந்து.

அடுத்து, சோதனை இரண்டு இடத்தில் நடக்க வேண்டும். ‘இதை நிரப்பாமல் விடாதீர்கள்’ என்று பிரவுசரே சொல்வது முதல் சாவடி. அது நிரப்புகிறவரின் வசதிக்கானது. நேர் ரோட்டில் வருகிறவர்தான் அங்கே நிற்பார். எங்கள் எல்லையில் பெரிய ரோடு ஒன்றுதான், ஊடுவழிகள் எத்தனையோ. அதுபோலப் பிரவுசரைத் தொடாமலேயே சர்வருக்குத் தகவல் அனுப்ப வழி உண்டு. அதனால் சர்வரில் இருக்கும் இரண்டாவது சாவடிதான் உண்மையான காவல். படிவத்தோடு மறைத்துக் கொடுத்த ஒரு ரகசிய டோக்கனையும் ஜாங்கோ அந்தச் சாவடியில் பார்க்கும். வேறொரு தளம் உங்கள் பெயரில் கள்ளத்தனமாகப் படிவம் அனுப்பினால், டோக்கன் இல்லாததால் 403 (அனுமதி இல்லை) என்று திருப்பிவிடும்.

சோதிப்பது என்றால் மறுப்பது மட்டும் இல்லை, துடைத்து எடுத்துக்கொள்வதும்தான். ஜாங்கோ, தேறிய தகவலை ‘கிளீன்ட் டேட்டா’ என்றே அழைக்கிறது. நாட்டுக்கு நாடு மாறும் கட்டங்களுக்கென்று ‘லோக்கல்ஃப்ளேவர்’ என்று ஒரு தனித் தொகுப்பு உண்டு. அதிலுள்ள இந்தியப் பின்கோடு கட்டத்தில் களியக்காவிளையின் எண்ணை 629 153 என்று நடுவில் இடம் விட்டு எழுதுங்கள். மறுக்காது; 629153 என்று சேர்த்து வைத்துக்கொள்ளும். அந்த அம்மாவின் விண்ணப்பம் மூன்றாவது தடவைதான் போனது. தவறு என்னவென்று தம்பி கடைசியில் கண்டுபிடித்தார்: போன் எண்ணின் நடுவில் ஓர் இடைவெளி. துடைக்க ஒரு வரி போதும்.

இனி நம் எழுத்துக்கு வருவோம். ஊர்ப்பெயர்க் கட்டத்துக்குப் பத்து எழுத்துதான் அளவு என்று ஒருவர் வைத்துவிட்டார் என்று கொள்ளுங்கள். களியக்காவிளையில் நமக்கு ஏழு எழுத்து: க, ளி, ய, க், கா, வி, ளை. கணினிக்கு அது பன்னிரண்டு. ‘ளி’ என்பது அதற்கு ‘ள’ ஒன்று, இகரக் குறி ஒன்று. ‘க்’ என்பதில் ‘க’ ஒன்று, புள்ளி ஒன்று. பத்து முடிந்ததும் பிரவுசர் நிறுத்திவிடும். கட்டத்தில் நிற்பது ‘களியக்காவி’. ஊர்க்காரர் எவ்வளவு தட்டினாலும் ‘ளை’ விழாது. அளவு வைக்கும்போது நம் எழுத்தெண்ணிக்கையின் இரண்டு மடங்குக்காவது இடம் விடுங்கள்.

இதையும்விட ஆபத்தானது சத்தமில்லாத தவறு. தேதியைத் தட்டி எழுதும் கட்டத்தில் எங்கள் எல்லை பிறந்த நாளை 01/11/1956 என்று எழுதிப் பார்த்தேன். சிவப்பு வரி எதுவும் வரவில்லை. உள்ளே போய்ப் பார்த்தால் 1956 ஜனவரி 11 என்று பதிந்திருந்தது. ஜாங்கோ தொடக்கத்தில் அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் படிக்கும். 13-ம் தேதிக்காரரை, பதின்மூன்றாம் மாதம் கிடையாது என்பதால், மறுக்கும். 12-ம் தேதிவரை பிறந்தவர்களின் பிறந்த நாளை, நாளும் மாதமும் ஒரே எண்ணாக இல்லாவிட்டால், மாற்றி எழுதிவிடும். மறுக்கப்பட்டவர் திரும்ப வருவார். மாறிப்போனவருக்குப் பல வருடம் கழித்துச் சான்றிதழில்தான் தெரியும். நாள் முதலில், மாதம் அடுத்து என்று அந்தக் கட்டத்துக்கு நீங்களே வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக, பிழைச் செய்தி. ‘தகவல் தவறு’ என்பது செய்தியே இல்லை. ‘போன் எண்ணில் 10 இலக்கம் வேண்டும், நீங்கள் 9 கொடுத்திருக்கிறீர்கள்’ என்று எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சொந்த வாசகம் வைக்க ஜாங்கோவில் இடம் இருக்கிறது. அதைத் தமிழிலேயே வையுங்கள், நேரில் ஓர் அம்மாவிடம் சொல்லும் மரியாதையோடு.

இந்த வாரப் பயிற்சி: ஊர்ப்பெயர், பிறந்த தேதி, பின்கோடு, போன் எண் என்ற நான்கு கட்டங்களோடு ஒரு படிவம் செய்து, ‘களியக்காவிளை’, ‘01/11/1956’, ‘629 153’ என்ற மூன்றையும் கொடுங்கள். போன் எண்ணில் மட்டும் வேண்டுமென்றே ஓர் இலக்கத்தைக் குறையுங்கள். திரும்பி வரும் திரையில் மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றனவா, போன் எண்ணின் பக்கத்தில் மட்டும் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த அம்மா தாளை இரண்டாவது தடவை பிரிக்க வேண்டியதில்லை.

அடுத்த வாரம்: எழுதியதையெல்லாம் திருப்பித் தரும் படிவம், இணைத்த போட்டோவை மட்டும் ஏன் திருப்பித் தருவதில்லை?

(தொடரும்)