பீரோவில் தூங்கும் பழைய லென்ஸ்: எடைக்குப் போடுமுன் கவனியுங்கள்

மளிகைக் கடைக்காரருக்கும் கேமரா லென்சுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். இன்றைய தினம் விலைப்பட்டியலோடு சரக்கின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி வெளியூர் வியாபாரிகள் கேட்கிறார்கள். அதற்கென்றே டிஜிட்டல் கேமரா வாங்கிய வணிகர்களும் உண்டு. அதே வீட்டுப் பீரோவில் அப்பா காலத்து நிக்கானோ, கேனனோ, சோவியத் நாட்டு ஜெனிட்டோ தோல் உறைக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். பிலிம் கேமரா இனி எதற்கு என்று அதை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறோம். கேமராவைத் தள்ளினாலும் லென்சைத் தள்ளக்கூடாது.

பழைய லென்சின் கழுத்தில் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று எண்கள் பொறித்த வளையம் ஒன்று இருக்கும். இதுவே அப்பர்ச்சர் வளையம். எண் கூடக் கூட உள்ளே இருக்கும் துவாரம் சுருங்கும். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகக் குறையும். புதிய லென்ஸ்கள் பலவற்றில் இந்த வளையம் கிடையாது. துவாரத்தைக் கேமராவே அமைத்துக்கொள்கிறது. கையால் திருப்பும் வளையம் உள்ள லென்சுக்கோ கேமராவின் தயவு தேவையில்லை. அதனால்தான் வேறு கம்பெனிக் கேமராவிலும் அது வேலை செய்கிறது.

ஆனால் எல்லாக் கேமராவிலும் உட்காருமா? இங்குதான் மில்லிமீட்டர் கணக்கு வருகிறது. லென்ஸ் உட்காரும் வாய்க்கும் படம் பதியும் இடத்துக்கும் இடையே ஒவ்வொரு கம்பெனியும் ஓர் அளவு வைத்திருக்கிறது. நிக்கானின் எஃப் மவுண்ட்டுக்கு அது 46.5 மி.மீ. கேனனின் பழைய எஃப்டி மவுண்ட்டுக்கு 42 மி.மீ. 1987-ல் கேனன், எஃப்டியைக் கைவிட்டு இஎஃப் என்ற புதிய மவுண்ட்டைக் கொண்டுவந்தது. அதன் அளவு 44 மி.மீ. இந்த 2 மி.மீ. வித்தியாசத்தால் பழைய எஃப்டி லென்ஸ் புதிய கேமராவில் தூரத்துக் காட்சிகளைத் தெளிவாகக் காட்ட முடியாமல் போயிற்று. அலமாரி எட்டவில்லை என்றால் முக்காலி போட்டு ஏறலாம். கூரை தலையில் தட்டினால் என்ன செய்வது?

எஃப்டி லென்ஸ்களை வாங்கிக் குவித்திருந்த வாடிக்கையாளர்களின் வருத்தத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நிக்கானோ 1959-ல் போட்ட மவுண்ட்டையே விடாமல் வைத்துக்கொண்டது. ஆனாலும் கேனன் நொடித்துப் போகவில்லை; ஆட்டோஃபோகஸ் வியாபாரத்தில் முன்னுக்கு வந்தது. பழைய வாடிக்கையாளரை மதித்த கம்பெனிதான் வென்றது என்று எழுத நமக்கு ஆசைதான். நடந்தது அப்படி இல்லை.

பிறகு காற்று திசை மாறியது. 2008-ல் பானசோனிக் ஜி1 என்ற கண்ணாடிப்பெட்டி இல்லாத கேமரா வந்தது. உள்ளே சாய்ந்து நிற்கும் கண்ணாடி இல்லாததால் இடமும் சுருங்கிவிட்டது. சோனியின் இ மவுண்ட்டுக்கு 18 மி.மீ., 2018-ல் வந்த நிக்கான் இசட்டுக்கு 16, கேனன் ஆர்எஃப்புக்கு 20. இப்போது முக்காலி போடலாம் அல்லவா? நிக்கான் எஃப் லென்சை இசட் கேமராவில் மாட்ட 30.5 மி.மீ. கனமுள்ள வெற்று உலோக வளையம் போதும். இதைத்தான் அடாப்டர் என்கிறார்கள். கேட்பாரற்றுக் கிடந்த எஃப்டி லென்சுக்கும், ஜெனிட்டோடு வந்த ஹீலியோஸ் லென்சுக்கும் இப்படித்தான் மறுபடி கிராக்கி வந்தது.

கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். நிக்கானில் 1977-ல் ஏஐ என்ற திருத்தம் வந்தது. அதற்கு முந்திய லென்சை டி7200, டி750 போன்ற கேமராக்களில் பலவந்தமாகத் திருகினால், கேமரா வாயருகே இருக்கும் சிறு நெம்பு உடையும். ரிப்பேர் செலவு லென்சின் விலையைத் தாண்டிவிடும். ஏஐ லென்ஸ் என்றால் அவற்றில் வெளிச்ச அளவும் காட்டும். டி3000, டி5000 வரிசைகளில் அந்த நெம்பே இல்லை. பழைய லென்சும் ஆபத்தின்றி உட்காரும். ஆனால் வெளிச்ச அளவு காட்டாது. எம் என்ற நிலையில் வைத்து, எடுத்த படத்தைத் திரையில் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியதுதான்.

அடாப்டர் மாட்டியபின் ஷட்டர் அமுங்கவில்லை என்று பதற வேண்டாம். லென்ஸ் இல்லை என்று கேமரா நினைத்துக்கொள்கிறது. லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் இயங்க அனுமதிக்கும் வசதி மெனுவில் இருக்கும். அதை மாற்றினால் சரியாகும். சிறிய சென்சார் உள்ள கேமராக்களில் 50 மி.மீ. லென்ஸ் சுமார் 75 மி.மீ. போல நெருக்கிக் காட்டும். கடைக்குள் இடம் குறைவு என்றால் இது தொந்தரவே.

ஃபோகஸ் முழுக்க நம் கையில். ஓடியாடும் குழந்தைகளை எடுக்க இது உகந்ததல்ல. ஆனால் துவரம்பருப்புக் குவியலும் வெல்ல உருண்டையும் எங்கும் ஓடிவிடாது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வளையத்தை 2-ல் வைத்து, திரையில் படத்தைப் பெரிதாக்கி ஃபோகஸ் பிடியுங்கள். பிறகு வளையத்தை 8-க்குத் திருப்பி எடுங்கள். முன் வரிசைப் பாக்கெட்டும் பின் வரிசைப் பாக்கெட்டும் பெருமளவு தெளிவாக விழும்.

வாங்குவதானாலும் விற்பதானாலும் லென்சுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலைபோல இழைகள் தெரிந்தால் பூஞ்சை. கடலோர ஊர்களில் இது அதிகம். உள்ளே இருக்கும் தகடுகளில் எண்ணெய்ப் பசை மின்னினால் துவாரம் சுருங்கத் தாமதமாகும், விலையைக் குறைத்துக் கேளுங்கள். நல்ல நிலையில் இருந்தால், ஈரம் பிடிக்கும் தோல் உறையிலிருந்து முதலில் வெளியே எடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். புதுப் பைகளோடும் மின்சாதனங்களோடும் வரும் அந்தப் பொட்டலங்களைத்தான் தினமும் குப்பையில் போடுகிறோமே!