மசக்கை தெளிந்த பிறகு

சென்ற வாரம் மசக்கையோடு நிறுத்தியிருந்தோம். நான்காம் மாதம் நடக்கும்போது பெரும்பாலானவர்களுக்கு அது தெளிந்துவிடும். தாளிக்கிற வாசனைக்கே வாயைப் பொத்திக்கொண்டு ஓடியவர், 'இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்துங்க அத்தை' என்று தட்டை நீட்டுவார். வீடே நிம்மதியாகும். அந்த நிம்மதியில்தான் சில முக்கியமான காரியங்கள் தள்ளிப்போகின்றன.

முதலாவது, 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுக்க வேண்டிய ஸ்கேன். குழந்தையின் இதயத்தில் நான்கு அறைகளும் சரியாக இருக்கின்றனவா, முதுகெலும்பு மூடியிருக்கிறதா, மூளையும் சிறுநீரகமும் எப்படி இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பது இதில்தான். 'நல்லாத்தானே இருக்கா, வளைகாப்பு முடியட்டும்' என்பார்கள். ஏழாம் மாத வளைகாப்பு முடியும்போது 24 வாரம் தாண்டியிருக்கும். குழந்தைக்குப் பெரிய குறைபாடு இருந்தால் கருக்கலைப்புக்கு 2021 சட்டத் திருத்தம் தரும் வரம்பு அந்த 24 வாரம்தான். அதற்கு மேல் மருத்துவக் குழு அனுமதித்தால்தான் உண்டு. சரிசெய்யக்கூடிய குறை என்றாலும், எந்த மருத்துவமனையில் பிரசவம் என்று முடிவெடுக்க அவகாசம் வேண்டாமா?

இந்த நாட்களில்தான் அசைவும் தெரியத் தொடங்கும். தலைப்பிரசவம் என்றால் 18 முதல் 20 வாரம், இரண்டாவது என்றால் சற்று முன்பே. முதலில் வாயுவோ என்றுதான் தோன்றும். மதியம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருக்கும்போது, அடிவயிற்றுக்குள் மீன்குஞ்சு ஒன்று துள்ளி அடங்கினாற்போல் இருக்கும். நச்சுக்கொடி முன்பக்கம் இருந்தால் கொஞ்சம் தாமதமாகும். 24 வாரமாகியும் ஒன்றும் தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது இரும்புச்சத்து மாத்திரை. இந்த மாதங்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும் அளவுக்குச் சிவப்பணுக்கள் பெருகுவதில்லை. அதனால்தான் கிராம சுகாதார செவிலியர் கீழிமையை இழுத்து, உள்ளே வெளிறியிருக்கிறதா என்று பார்க்கிறார். நான்காம் மாதத்திலிருந்து 180 நாளைக்கு மாத்திரை தருகிறார். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். ஆனால் மலம் கறுத்துப்போவதைப் பார்த்துப் பயந்து, பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். 'இதைச் சாப்பிட்டா பிள்ளை கறுப்பாப் பொறக்குமாம்மா' என்று மாமியாரும் சேர்ந்துகொள்வார். குழந்தையின் நிறத்துக்கும் மாத்திரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதால்தான் மலம் கறுக்கிறது, அவ்வளவுதான். வயிற்றைப் புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். காபி, டீயோடு மட்டும் வேண்டாம், இரும்பைச் சேரவிடாது. கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

ரத்தக்கசிவு, நீர் ஒழுகுதல், விடாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென வீங்குதல் என எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

உங்கள் வீட்டில் ஐந்து மாதக் கர்ப்பிணி இருந்தால், இன்று ராத்திரி அவருடைய மாத்திரை அட்டையை வாங்கிப் பாருங்கள். எண்ணிக்கை குறையாமல் அப்படியே இருந்தால் கடிந்துகொள்ள வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் உட்காருங்கள்.

(அடுத்த வாரம்: 24ஆம் வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை ஏன்?)