பயணச்சீட்டில் இரண்டு ஊர்களின் நேரம்

கடந்த ஜனவரியில் உம்மாவை உம்ராவுக்கு அழைத்துச் சென்றேன். கட்டுநாயக்கவில் பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு ஜித்தாவில் மாலை 4.45க்கு இறங்குவோம் என்று பயணச்சீட்டில் இருந்தது. "மூன்றே முக்கால் மணித்தியாலந்தான் உம்மா" என்றேன். அவருக்குச் சீனி வருத்தம். இராச் சாப்பாட்டுக்கு முன் ஏற்றும் இன்சுலினைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டேன்.

உண்மையில் பயணம் ஆறே கால் மணித்தியாலம். இறங்கும்போது உம்மாவின் உடம்புக்கு இரவு 7.15. வரிசையில் நின்று பெட்டியை எடுக்கும்போது 9 மணி தாண்டிவிட்டது. அன்றிரவு சீனி ஏறி அவர் படுத்துவிட்டார். உம்ராவை மறுநாள்தான் நிறைவேற்றினோம். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, வகுப்பில் நேர வலயம் படிப்பிக்கும் எனக்கே இந்தப் பிழை நேர்ந்தது.

பயணச்சீட்டில் புறப்படும் நேரம் நம் ஊர் நேரம். இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். பூமி ஒரு மணித்தியாலத்தில் 15 பாகை சுழல்கிறது. நமது நியம நேரம் 82.5 பாகை கிழக்கு நெடுங்கோட்டையும், சவூதியின் நேரம் 45 பாகையையும் ஒட்டியது. இடைவெளி 37.5 பாகை, அதாவது இரண்டரை மணித்தியாலம். போகும்போது கழித்து வரும் விடையுடன் இரண்டரையைக் கூட்ட வேண்டும். திரும்பும்போது குறைக்க வேண்டும்.

தூரத்தையும் பார்ப்போம். பூகோள உருண்டையில் நூலைப் பிடித்து அளந்தால் கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா சுமார் 4,650 கிலோமீற்றர். மணிக்கு 850 கிலோமீற்றர் என்றால் ஐந்தரை மணித்தியாலம் போதும். ஆனால் ஓடுபாதைக்குச் செல்வது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது, குறித்த வான்வழியில் வளைந்து செல்வது எல்லாம் நேரத்தைக் கூட்டும்.

திரும்பும்போது மாலை 6.15க்குப் புறப்பட்டு அதிகாலை 2.15க்கு இறங்கினோம். எட்டு மணித்தியாலம் போலத் தோன்றினாலும் பறந்தது ஐந்தரைதான். பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல, காற்றுமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. ஜனவரி போன்ற மாதங்களில் அரேபியாவின் மேல் உயரத்தில் பலமான மேலைக்காற்று வீசும். போகும் விமானத்தை அது தடுக்கிறது. திரும்பும் விமானத்தைத் தள்ளிவிடுகிறது.

வயதான பெற்றோரை அழைத்துச் செல்லும் சகோதரர்களே, பயணச்சீட்டு கிடைத்தவுடன் உண்மையான பறப்பு நேரத்தைக் கணக்கிட்டு வைத்தியரிடம் காட்டி, மருந்து நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலினைக் கைப்பையிலேயே வையுங்கள். பொதிகள் போகும் பகுதியின் குளிரில் அது உறைந்து பழுதாகலாம், பெட்டியும் பிந்தலாம். மீகாத் எல்லை ஜித்தாவுக்கு முன்னரே வந்துவிடும் என்பதால், இஹ்ராமுக்கும் இதே கணக்கு உதவும்.

இரண்டு நிமிடக் கணக்குத்தான். அதை நான் செய்யாததன் விலையை உம்மா கொடுத்தார்.