ஜீப்பின் உடலைத் தாங்கும் ரப்பர் வில்லைகள்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைச் சோளக்காட்டுக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பழைய ஜீப் ஒன்றில் அவ்வழியே இறங்கியவர்களுக்கு ஒரு சத்தம் நினைவிருக்கலாம். வளைவுதோறும் காலடித் தகட்டின் கீழிருந்து ‘டக், டக்’ என்று எழும் ஒலி அது. பட்டை வில் உடைந்துவிட்டதோ என்று பலர் அஞ்சுவர். பெரும்பாலும் அங்கே நைந்துபோயிருப்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரப்பர் வில்லை. மெக்கானிக்குகள் இதை ‘பாடி புஷ்’ என்பர்.

1940களின் இறுதியில் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பும், அதன் வழிவந்த வண்டிகளும் ஏணி போன்ற எஃகு அடிச்சட்டத்தின்மேல் அமைந்தவை. எஞ்சின், அச்சு, சக்கரம் யாவும் அடிச்சட்டத்தைச் சேர்ந்தவை. நாம் அமரும் தகரக் கூடு தனி. அது சில போல்ட்டுகளால் சட்டத்தின்மேல் பூட்டப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ரப்பர் எதற்கு?

கொண்டை ஊசி வளைவின் உட்பக்கம் செங்குத்தானது. வெளிப்பக்கம் சாய்வு குறைந்தது. ஆகவே ஒரு மூலைச் சக்கரம் மேலெழும்போது மற்றொரு மூலை தாழ்கிறது. துணியைப் பிழிவதுபோல் அடிச்சட்டம் சிறிது முறுக்கிக்கொள்ளும். தடித்த எஃகு இதைத் தாங்கும். மெல்லிய தகரம் போல்ட்டுத் துளையைச் சுற்றிக் கீறிவிடும். அந்த முறுக்கைத் தன்னுள் வாங்கிக்கொள்வதே ரப்பரின் வேலை. எஞ்சினின் அதிர்விலும் ஒரு பகுதியை அது வெப்பமாக மாற்றிவிடுகிறது.

ரப்பரை அமுக்கினால் அதன் கன அளவு குறைவதில்லை; பக்கவாட்டில் பிதுங்குகிறது. பிதுங்க இடமில்லாவிட்டால் அது கல்லைப்போல் நிற்கும். இதனால்தான் போல்ட்டை முழுப் பலத்துடன் இறுக்குவது தவறு. தடித்த புஷ்களில் உள்ளே ஓர் எஃகுக் குழல் இருப்பது, ஓர் அளவுக்குமேல் ரப்பர் நசுங்காமல் தடுப்பதற்காகவே.

ரப்பர் ஏன் கெடுகிறது? இயற்கை ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஆக்சிஜனும் ஓசோனும் தாக்குகின்றன. வில்லை இறுகி, வெடித்து, உதிர்கிறது. எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கிறது. உடல் அரை அங்குலம் இறங்கினாலும் தொல்லைதான். பழைய ஜீப்புகளில் பிரேக் மிதி அடிச்சட்டத்தில் பொருத்தப்பட்டுத் தரைத் தகட்டின் துளை வழியே மேலே வருகிறது. தகடு இடம் பெயர்ந்தால் மிதி அதன் விளிம்பில் உரசும். ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கும் ஓட்டுநருக்கு அது சின்ன விஷயமா?

மாற்றும் வேலையில் கடினமானது துருவேறிய போல்ட்டுதான். முந்தின மாலையே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வைப்பது நல்லது. பழைய ரப்பர் எப்படியும் குப்பைக்குத்தான். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றி, ஸ்டீயரிங் தண்டின் பிடி, கைப்பிரேக் கம்பி, மின்கம்பிகள், எரிபொருள் குழாய் என்று உடலையும் சட்டத்தையும் இணைப்பவை அனைத்தையும் பார்த்துத் தளர்த்த வேண்டும். பிறகு ஒரு பக்கத்துப் போல்ட்டுகளை எடுத்துவிட்டு, மறுபக்கத்தவற்றைத் தளர்த்தி மட்டும் வைக்கலாம். ஜாக்கிக்கும் தகட்டுக்கும் நடுவே அகலமான பலகை வேண்டும். இல்லையேல் ஜாக்கி தகரத்தைக் குத்திவிடும். உடலைச் சிறிது சிறிதாகத் தூக்கி, இடைவெளியில் மரக்கட்டை வைத்த பின்பே விரலை நுழைக்கலாம். ஜாக்கியை நம்பி விரல் இழந்தோர் உண்டு.

புதிய வில்லை நுழைய மறுத்தால் கிரீசைத் தேடாதீர்கள்; சோப்பு நீர் போதும். எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் முடுக்கி, இரு பக்கமும் முடிந்த பின்பே இறுக்க வேண்டும். பழைய டயரை வெட்டி வைப்பது நம் பட்டறைகளில் வழக்கம். அவசரத்துக்கு அது உதவும். ஆனால் துண்டுக்குத் துண்டு கனம் வேறுபட்டால் உடல் சாய்ந்து நிற்கும், கதவு பொருந்தாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ரப்பர் படிந்திருக்கும். அப்போது மீண்டும் ஒருமுறை சாவி போட்டுப் பார்க்க வேண்டும்.