பாபிலோனுக்குப் போன கடிதம்

கி.மு. 597-ம் ஆண்டு பாபிலோன் மன்னன் நேபுகாத்நேச்சார் எருசலேமைப் பிடித்தான். பதினெட்டு வயது அரசன் யோயாக்கீன், அவன் தாய், அதிகாரிகள், தச்சர், கொல்லர் என்று நாட்டுக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள் கைதிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். பத்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் படை வந்தது. இம்முறை நகரமே தீக்கிரையாயிற்று. சாலொமோன் கட்டிய ஆலயம் இடிந்தது. தாவீதின் வம்ச ஆட்சி முடிந்தது.

சிறிய நாடு வல்லரசிடம் தோற்பது சரித்திரத்தில் புதிதல்ல. தோற்றவர்கள் வென்றவர்களோடு கலந்து மறைந்து போவதும் வழக்கம்தான். யூதர்கள் மறையவில்லை. அழுதார்கள், எழுதினார்கள், முன்னோரின் ஏடுகளைத் தொகுத்தார்கள். கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று வாசிக்கும் எபிரெய வேதத்தின் பெரும்பகுதி அந்தக் காலத்திலும் அதை ஒட்டியும் உருப்பெற்றது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. இருபத்தைந்து நூற்றாண்டுகள் கடந்த பின்னும் அது இன்றைய கிறிஸ்தவர்களுக்கு ஏன் தேவைப்படுகிறது?

வீடு கட்டுங்கள்!

முதலில் சிறைப்பட்டவர்கள் பாபிலோனில் இருந்தபோது, எருசலேமில் அனனியா என்ற தீர்க்கதரிசி இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பி விடுவார்கள் என்று அறிவித்தான். மக்கள் கேட்க விரும்பிய செய்தி அது. எரேமியா அதை மறுத்தார். எழுபது ஆண்டுகள் ஆகும் என்றார். தேசத்துரோகி என்று ஏசப்படக் கூடிய பேச்சு!

அவர் பாபிலோனுக்கு ஒரு கடிதமும் அனுப்பினார். எரேமியாவின் நூலில் 29-வது அதிகாரமாக அது உள்ளது. அங்கேயே வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள் என்பது அதன் சாரம். அத்துடன் நிற்கவில்லை. உங்களைச் சிறைப்படுத்திய அந்த நகரத்தின் நலனையே நாடுங்கள், அதற்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்கிறார். பகைவனின் ஊர் நன்றாக இருந்தால்தான் உங்களுக்கும் வாழ்வு என்பது அவர் காட்டும் காரணம்.

களிமண் ஏடுகளின் சாட்சி

தமிழ் பைபிளில் வரும் 'சிறையிருப்பு' என்ற சொல்லைக் கேட்டதும் விலங்கும் இருட்டறையும் நினைவுக்கு வரும். உண்மை நிலை வேறு. பாபிலோன் இடிபாடுகளில் ஜெர்மானியர் 1899 முதல் 1917 வரை அகழ்ந்தெடுத்த களிமண் ஏடுகளில், யூதேயா மன்னன் யோயாக்கீனுக்கும் அவனுடைய ஐந்து புதல்வருக்கும் அரண்மனையிலிருந்து எண்ணெய் அளந்து கொடுத்த கணக்கு இருக்கிறது. 2014-ல் சுமார் நூறு ஏடுகள் நூலாக வெளிவந்தன. அவற்றில் 'யூதா ஊர்' என்ற பொருள்படும் பெயருடைய ஒரு கிராமம் வருகிறது. அங்கே யூதர்கள் நிலம் உழுதார்கள், வரி கட்டினார்கள், கடன் வாங்கினார்கள், சொத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தார்கள்.

கி.மு. 539-ல் பாரசீக மன்னன் கோரேசு பாபிலோனைக் கைப்பற்றினான். யூதர்கள் திரும்பிச் செல்ல வழி பிறந்தது. ஆனால் பலர் அங்கேயே தங்கி விட்டார்கள். அந்த மண்ணின் யூத சமூகம் ஏறத்தாழ இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் வாழ்ந்தது. 1950-51-ல்தான் ஈராக்கிலிருந்து லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அழுகையும் சாபமும்

எரேமியாவின் குரல் மட்டும்தான் வேதத்தில் இருக்கிறது என்றால், அது ஆறிய காயத்தின் கதையாகி விடும். எதிர்க்குரலும் இருக்கிறது. 137-ம் சங்கீதத்தில் கைதிகள் ஆற்றங்கரையில் அழுகிறார்கள். சிறைப்படுத்தியவர்கள் வேடிக்கைக்காகப் பாடச் சொல்ல, பாட மறுக்கிறார்கள். எருசலேமை மறக்க மாட்டோம் என்று சபதம் செய்கிறார்கள். முடிவில் பாபிலோனின் பச்சிளம் குழந்தைகளையும் விடாத பயங்கரமான சாபம். அது கேட்கக் கூசும் என்பதால், கத்தோலிக்கத் திருச்சபை 1971-ல் வெளியிட்ட அன்றாட ஜெப நூலில் அந்தச் சங்கீதத்தின் கடைசி வசனங்கள் சேர்க்கப்படவில்லை.

புலம்பல் என்ற நூலோ ஐந்து ஒப்பாரிகளால் ஆனது. அதில் மனிதர் பேசுகிறார்கள், இடிந்த நகரம் பேசுகிறது. கடவுள் ஒரு வார்த்தைகூடப் பதில் சொல்வதில்லை. அந்த மௌனத்தையும் வேதமாக வைத்துக் கொண்டார்கள் என்பதே பெரிய விஷயம். துன்பப்படுகிறவனை அவசரப்பட்டுத் தேற்றாதே என்ற பாடம் அதில் அடங்கியிருக்கிறது.

பரதேசிகளின் சபை

ஆதிக் கிறிஸ்தவர்கள் இந்த ஏடுகளைத் தங்கள் கதையாகவே வாசித்தார்கள். மத்தேயு, இயேசுவின் வம்ச வரலாற்றைச் சொல்லும்போது பாபிலோன் சிறையிருப்பை ஒரு மைல்கல்லாக நடுகிறார். பேதுருவின் முதல் நிருபம் விசுவாசிகளைப் 'பரதேசிகள்' என்று அழைக்கிறது. இன்று வசைச் சொல்லாகி விட்ட அதற்குப் பிற தேசத்தில் வாழ்பவன் என்பதுதான் மூலப் பொருள். நிருபத்தின் முடிவில் வரும் 'பாபிலோன்', ரோமாபுரியையே குறிக்கும் என்பது பெரும்பாலோர் துணிபு. கி.பி. 410-ல் ரோமாபுரி சூறையாடப்பட்ட பிறகு 'தேவ நகரம்' என்ற பெருநூலை எழுதிய அகுஸ்தீனும், எரேமியாவின் கடிதத்தை நினைவூட்டி, உலக நகரத்தின் அமைதிக்காகச் சபை ஜெபிக்க வேண்டும் என்றார்.

ஆனால் அதற்குள் சபையிடம் அரசாங்கப் பலமும் வந்து சேர்ந்திருந்தது. பின்னாளில் கிறிஸ்தவ நாடுகளே பாபிலோன் ஆயின. 1492-ல் ஸ்பெயின் தன் யூதர்களை நாடு கடத்தியது. 1852-ல் அமெரிக்காவில், அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸ், சுதந்திர தின விழாவையொட்டிப் பேச அழைக்கப்பட்டார். அவர் அந்த 137-ம் சங்கீதத்தையே எடுத்துக்காட்டி, சிறைப்பட்டவனைப் பாடச் சொல்கிறீர்களா என்று சபையோரைத் திகைக்க வைத்தார். சிறையிருப்பின் வேதத்தை வாசிக்கும் கிறிஸ்தவன், தான் அதில் கைதியா அல்லது நேபுகாத்நேச்சாரின் ஆளா என்று முதலில் கேட்டுக் கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்றைய தேவை

2014-ல் ஈராக்கின் மோசூல், கரகோஷ் ஆகிய ஊர்களிலிருந்து பல்லாயிரம் கிறிஸ்தவர்கள் பயங்கரவாதிகளுக்கு அஞ்சி ஓடினார்கள். அன்று யூதர்கள் சிறைப்பட்டிருந்த அதே நாட்டில் இன்று அகதியானவர்கள் இவர்கள். ஒரு பகுதியினர் திரும்பி வந்து, எரிந்த கோவிலைச் சீர்படுத்தினார்கள். 2021 மார்ச்சில் போப் பிரான்சிஸ் கரகோஷுக்குச் சென்று அவர்களோடு ஜெபித்தார். திரும்பாதவர்கள் அயல் நாடுகளில் வீடு கட்டுகிறார்கள். அழுவதா, வேரூன்றுவதா என்ற கேள்வி அவர்களுக்குப் புத்தகப் பாடம் அல்ல. இரண்டுக்கும் வேதத்தில் இடம் உண்டு என்பதே அவர்களுக்கு ஆறுதல்.

2024 இறுதியில் உலகில் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டவர்கள் 12 கோடிக்கும் மேல் என்பது ஐ.நா. அகதிகள் அமைப்பின் கணக்கு. அவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு. வேலை தேடி வெளியூர் போனவனின் ஏக்கம் வேறு, விரட்டப்பட்டவனின் துயரம் வேறு. இந்த வேறுபாட்டை மறந்து, எல்லாக் கஷ்டத்துக்கும் 'சிறையிருப்பு' என்று பெயர் சூட்டுவது எளிது. அப்படிச் செய்யாமல், பக்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்த அகதியின் அழுகைக்குக் காது கொடுக்கவும், அவனும் தானும் வாழும் ஊரின் நலனுக்காகப் பாடுபடவும் ஒரு கிறிஸ்தவன் கற்றுக் கொண்டால், எரேமியாவின் கடிதம் அவனுக்கும் வந்து சேர்ந்து விட்டது என்று சொல்லலாம்.