அணைவதற்குள் ஒரு பார்வை

வானியல் வரலாறு படித்தவர்களுக்கு சிசிலித் தீவின் பலெர்மோ நகரம் பழக்கமான பெயர். 1801 ஜனவரி 1 அன்று பியாஸி என்ற பாதிரியார் செரெஸ் குறுங்கோளைக் கண்டுபிடித்தது அங்கேதான். சில வாரங்களில் அது சூரிய வெளிச்சத்தில் மறைந்தது. காஸ் என்னும் கணித மேதை கணக்கிட்டுச் சொன்ன பிறகே, ஆண்டின் இறுதியில் மறுபடி அகப்பட்டது. மறையுமுன் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் பாடம்.

காமா கதிர் வெடிப்புகளிலும் இதே சிக்கல்தான். ரகசிய அணுகுண்டுச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967ல் இவற்றைத் தற்செயலாகப் பதிவு செய்தன. பெரும்பாலானவை மிகக் குறுகிய நேரத்தில் முடிந்துவிடும். வந்த திசையும் துல்லியமாகத் தெரியாது. நம் பால்வீதிக்குள்ளா, அதற்கு வெகு அப்பாலா என்ற வாக்குவாதம் முப்பது வருடம் நீடித்தது.

முடிச்சை அவிழ்க்க வழி செய்தது இத்தாலியும் நெதர்லாந்தும் 1996ல் ஏவிய பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள். அதன் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிகளை உருவாக்கியதில் பலெர்மோ ஆய்வுக்கூடத்துக்கும் பங்குண்டு. 1997 பிப்ரவரி 28 அன்று ஒரு வெடிப்பு. எட்டு மணி நேரத்தில் அத்தொலைநோக்கிகள் அத்திசைக்குத் திரும்பின. மங்கிக்கொண்டிருந்த ஒரு எக்ஸ் கதிர்ப் புள்ளி தெரிந்தது. வெடிப்பிலிருந்து 21 மணி நேரத்துக்குள் லா பால்மா தீவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி அங்கே படம் எடுத்தது. மார்ச் 8ல் எடுத்த படத்தில் அந்த ஒளிப்புள்ளி இல்லை. முதன்முதலாகக் கிடைத்த 'பின்னொளி' அதுதான்.

பின்னொளி எப்படி வருகிறது? வெடிப்பில் ஏறக்குறைய ஒளிவேகத்தில் சீறும் பொருள், சுற்றியுள்ள வாயுவில் மோதுகிறது. அந்த அதிர்ச்சி அலை எக்ஸ் கதிராகவும் பிறகு கண்ணுறு ஒளியாகவும் ரேடியோ அலையாகவும் ஒளிர்ந்து தணிகிறது. முதல் மணியில் உள்ள பிரகாசத்தில் சிறு பங்கே மறுநாள் மிஞ்சும்.

விளக்கு அணைந்தால்தான் வீடு தெரிகிறது என்பது இதில் ஒரு விந்தை. பின்னொளி மங்கியதும் அதே இடத்தில் மிக மங்கலான கேலக்ஸி ஒன்று எஞ்சியது. பின்னர் கெக் தொலைநோக்கி கொண்டு அளந்த அதன் செம்பெயர்ச்சி 0.695. அந்த ஒளி புறப்பட்டபோது நம் பூமியே பிறந்திருக்கவில்லை! இப்படிப்பட்ட தாய் கேலக்ஸிகள் பலவும் சிறியவை, நீல நிறமானவை, புது விண்மீன்கள் மும்முரமாக உருவாகும் இடங்கள். நீண்ட நேர வெடிப்புகள் பெருவிண்மீன்களின் மரணம் என்பதற்கு இது முக்கியமான தடயம்.

2004ல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட், மனிதரைக் கேட்காமல் மென்பொருளின் கட்டளைப்படி ஒன்றிரண்டு நிமிடங்களில் திரும்பிப் பார்க்கும்படி அமைக்கப்பட்டது. ஆயினும் சிசிலியில் பொழுது புலர்ந்தால் அங்குள்ள தொலைநோக்கிகள் கண்மூட வேண்டியதுதான். அடுத்த இரவு எங்கோ அங்கே தொடர வேண்டும். நைனிதாலும் லடாக்கின் ஹான்லேயும் பின்னொளிகளைத் தொடர்ந்தது அப்படித்தான். பியாஸி ஒற்றை ஆளாகக் காத்த ஒளியை இன்று ஊர்கள் கைமாற்றிக் காக்கின்றன.