ஆயுத பூசை குரூப் போட்டோ

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஆயுத பூசை அன்று பட்டறைக்குப் பட்டறை ஒரு குரூப் போட்டோ எடுப்பார்கள். லேத் மெஷினுக்குச் சந்தனம் குங்குமம், ஷட்டர் ஓரத்தில் வாழைக்கன்று, முன்வரிசையில் முதலாளியும் மூத்த ஃபிட்டரும், பின்னால் புதிதாகச் சேர்ந்த பையன்கள். யாரிடம் நல்ல போன் இருக்கிறதோ அவர் எடுப்பார். படம் அன்றே வாட்ஸாப்பில் போய்விடும். சில வருடம் கழித்து அந்த ஃபிட்டர் காலமானதும், சட்டம் போட்டு மாட்ட வீட்டார் ஒரு படம் தேடுவார்கள். தனியாக எடுத்தது இருக்காது, இந்தக் குரூப் போட்டோதான் இருக்கும். ஸ்டுடியோவில் நீட்டினால் கேட்கும் முதல் கேள்வி: "ஒரிஜினல் இருக்காண்ணா?"

போன் திரையில் அவ்வளவு பளிச்சென்று இருந்த படம் பிரிண்டில் ஏன் உடைகிறது? வாட்ஸாப் வழக்கமாக அனுப்பும் படத்தின் நீளப் பக்கம் ஏறக்குறைய 1600 புள்ளிகள்தான். 4×6 அளவுக்கு அது தாராளம். ஓர் அங்குலத்துக்கு 260 புள்ளிக்கு மேல் கிடைக்கும். அதையே 12×18 ஆக்கினால் அங்குலத்துக்கு 90 கூடத் தேறாது. அதிலும் இருபது பேரில் ஒருவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் மிஞ்சுவது சில நூறு புள்ளிகள். 12 மெகாபிக்சல் ஒரிஜினலில் நீளப் பக்கம் 4000 புள்ளி. அதனால்தான் ஸ்டுடியோக்காரர் அதைக் கேட்கிறார்.

'என் போன் 50 மெகாபிக்சல் ஆச்சே' என்பீர்கள். பெரும்பாலான 50 மெகாபிக்சல் போன்கள் நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படத்தைத்தான் வழக்கமாகத் தருகின்றன. இதில் ஏமாற்று ஏதும் இல்லை. சின்னச் சின்னப் புள்ளிகள் தனித்தனியாக வாங்கும் வெளிச்சம் போதாது. சேர்த்தால்தான் புள்ளிப் புள்ளியான இரைச்சல் குறையும். போன் வாங்கும்போது எண்ணைவிட சென்சாரின் அளவைக் கேளுங்கள். பின்பக்கம் மூன்று கண் இருக்கிறது என்று மயங்கவும் வேண்டாம். விலை குறைந்த போன்களில் 2 மெகாபிக்சல் கண் ஒன்று கணக்குக் காட்டவே ஒட்டியிருக்கும்.

கையில் இருக்கும் போன் எப்படி என்று பார்க்க, வீட்டில் ஒருவரை நிற்க வைத்து மூன்று படம் எடுங்கள்: உச்சி வெயிலில், ஜன்னல் ஓரத்தில், ராத்திரி டியூப்லைட்டில். ஒவ்வொன்றையும் முழுசாகப் பெரிதாக்கிப் பாருங்கள். முடி இழையிழையாகத் தெரிகிறதா, மெழுகு பூசினாற்போல அப்பியிருக்கிறதா? வெயிலில் வெள்ளை வேட்டியின் மடிப்பு இருக்கிறதா, வெறும் வெள்ளையாகிவிட்டதா? அரக்குப் பட்டின் நெளிவு தெரிகிறதா, ஒரே சிவப்புத் திட்டாக நிற்கிறதா? வெளுத்துப்போன வெள்ளையை எந்தச் செயலியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மல்லிகைப்பூ மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால், போன் விளக்கின் நிறத்தைத் தப்பாகக் கணித்திருக்கிறது என்று அர்த்தம். இதைப் பிறகு பெருமளவு சரிசெய்துவிடலாம்.

பட்டறைப் படம் பெரும்பாலும் கெடுவது வெளிச்சத்தின் திசையால். எல்லாரும் திறந்த ஷட்டருக்கு முதுகைக் காட்டி நிற்பார்கள், பின்னால் தெரு வெயில். போன் அந்த வெயிலுக்கு ஏற்ப வெளிச்சத்தைக் குறைக்கும், முகங்கள் கருத்துவிடும். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் மாலையில் எடுக்கும் படங்களுக்கும் இதே கதிதான். தண்ணீருக்கு மேல் சூரியன் இறங்க, அதற்கு முன்னால் ஆளை நிறுத்துகிறோம். திருப்பி நிறுத்துங்கள். பட்டறையில் எடுப்பவர் வாசலில் நிற்கட்டும், மற்றவர்கள் வாசலைப் பார்க்கட்டும். வந்து விழும் அந்த வெளிச்சத்துக்கு ஈடாக எந்த ஃபிளாஷும் இல்லை. இடமே இல்லாவிட்டால் திரையில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், நமக்கு முகம் வேண்டும்.

உள்ளே விளக்கில்தான் எடுக்க வேண்டும் என்றால் வேறு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல டியூப்லைட்டும் எல்.இ.டி. விளக்கும் விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் சென்சார் படத்தை வரி வரியாகப் படிப்பதால், கேமரா ஷட்டரின் வேகம் கூடினால் குறுக்கே இருட்டுப் பட்டைகள் விழும். ப்ரோ மோடில் ஷட்டரை 1/50 அல்லது 1/100 என வைத்தால் பெரும்பாலும் மறையும்.

நைட் மோட் பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாக அடுக்குகிறது; ஒருவர் திரும்பினாலும் அவர் முகம் கலங்கும். போனை மெஷின் மேல் சாய்த்து, மூன்று விநாடி டைமர் போட்டு, ஐந்தாறு படம் எடுத்துவிடுங்கள். கூட்டம் அடங்கவில்லை என்று 0.5 அகல லென்ஸுக்குப் போகாதீர்கள், ஓரத்தில் நிற்பவர்களின் முகம் அகலமாக இழுபடும். இரண்டடி பின்னால் நகருங்கள். ஜூமும் அப்படித்தான். ஆவடி பருத்திப்பட்டு ஏரியில் தூரத்துக் கொக்கை நான்கு மடங்கு டிஜிட்டல் ஜூமில் பிடித்தால், படத்தில் பதினாறில் ஒரு பங்கைத்தான் போன் வெட்டிப் பெருக்கிக் காட்டுகிறது.

லென்ஸைத் துடைப்பதைச் சொல்ல மறக்கக் கூடாது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பைக்கில் போய் வந்த போனில் தூசியும் விரல் எண்ணெயும் அப்பியிருக்கும். தெருவிளக்கிலிருந்து ஒளி கோடு கோடாக இழுத்தால் காரணம் பெரும்பாலும் அதுதான். மெல்லிய பருத்தித் துணி போதும்.

எனக்கு மனம் பொறுக்காத ஒன்று உண்டு: பியூட்டி மோட். பல போன்களில் நம்மைக் கேட்காமலே அது வேலை செய்கிறது. கருத்த முகத்தை வெளுக்க வைக்கும், தாடைத் தழும்பை அழிக்கும், அப்பத்தா நெற்றியின் சுருக்கத்தை வழித்தெடுக்கும். எந்திரங்கள் கருத்த தோலைச் சரியாகக் காட்டுவதில்லை என்ற குறை பழையது. 2021-இல் பிக்சல் 6 வந்தபோது கூகுள் 'ரியல் டோன்' என்று பெயரிட்டு இதற்காகவே திருத்தம் செய்தது. முப்பது வருடம் லேத் முன்னால் நின்ற மனிதரின் முகத்தை அவர் பிள்ளைகள் அந்த முகமாகவே பார்க்க வேண்டும். கேமரா அமைப்பில் போய் பியூட்டி மோடைப் பூஜ்யத்தில் வையுங்கள், செல்ஃபிக்கும் சேர்த்து.

எடுத்த படத்தை அனுப்பும்போது, வாட்ஸாப்பில் இணைப்புக் குறியைத் தொட்டு 'டாக்குமெண்ட்' வழியாகத் தேர்ந்தெடுங்கள். சுருங்காமல் போகும், எடுத்த தேதியும் கோப்புக்குள்ளேயே இருக்கும். 2023-இல் வந்த எச்.டி. தேர்வு வழக்கமானதைவிட மேல், ஆனால் அதுவும் ஒரிஜினல் ஆகாது. போன் மாற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் இறக்கி, வருடத்தை எழுதி, பூசை சாமான் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். அடுத்த ஆயுத பூசைக்கு அந்தப் பெட்டியை எப்படியும் திறப்பீர்கள்.